முகத்தின் நிறமும் காகிதத்தின் நிறமும்

ஈப்போ நகரின் பழைய கடைவீதியில் புகைப்படப் பிரதி எடுத்துத் தரும் கடையொன்றின் மேசையருகே அரைமணி நேரம் காத்து நிற்க நேர்ந்தவர் எவராயினும், "கம்ப்யூட்டர்ல பார்த்தப்ப நல்லா இருந்திச்சே, காகிதத்துல ஏன் இப்படி இருட்டா வந்திருக்கு?" என்ற கேள்வியை ஒருமுறையேனும் கேட்டிருப்பார். திரையில் தோன்றும் பிம்பமும் காகிதத்தில் பதியும் பிம்பமும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும் என்னும் இந்த எதிர்பார்ப்பு கணினியோடு பிறந்தது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பேராக் மாநிலத்துத் தோட்டத் தமிழர்களின் வாழ்வில் புகைப்படம் புகுந்த விருத்தாந்தத்தைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால், இந்த வழக்குக்கு வயது நூறுக்குக் குறையாது என்பது தெரியவரும். அன்று காகிதத்தோடு வழக்காடியது கண்ணாடியில் தெரிந்த முகம். இன்று வழக்காடுவது திரை.

1877ஆம் ஆண்டு பேராக்கின் ரெசிடெண்டாகப் பதவியேற்ற ஹியூ லோ, கியூ தாவரத் தோட்டத்திலிருந்து இலங்கை, சிங்கப்பூர் வழியாக வந்துசேர்ந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார். அந்த ஆதி வம்சத்து மரம் ஒன்று அவ்வூர் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றளவும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் காடு அழிந்து தோட்டமாயிற்று; தோட்டத்துக்குக் கங்காணிகளின் பின்னால் தென்னாட்டிலிருந்து ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். சிங்கப்பூரில் 1867இல் தொழில் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் கம்பெனியாரைப் போன்ற ஐரோப்பியப் புகைப்படக்காரர்கள் மலாய் நாட்டின் காட்சிகளை ஆல்பங்களாகக் கட்டி விற்ற காலம் அது. அந்தக் காலத்துத் தோட்டப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். நடுவில் வெள்ளை டிரில் உடுப்போடு அமர்ந்திருக்கும் துரையின் சட்டைப் பொத்தான் வரைக்கும் தெளிவாயிருக்க, அவரைச் சூழ நிற்கும் தொழிலாளரின் முகங்கள், கண்ணும் பல்லும் நீங்கலாக, மை பூசினாற்போல் இருண்டு கிடக்கும்.

இதற்கு வெயிலைக் குறைசொல்வது வழக்கம். வெயிலுக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் பெரும்பங்கு தகட்டின் ஸ்வபாவத்தைச் சேர்ந்தது. ஆதித் தகடுகள் நீல ஒளிக்கு மாத்திரம் உணர்ச்சியுள்ளவை. பின்னர் வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் பச்சையையும் கண்டுகொண்டன. சிவப்போ அவ்விரண்டுக்கும் காரிருளே. மாநிறமோ கறுப்போ ஆன சருமம் தன்மேல் விழும் ஒளியில் சிவப்பையே அதிகமாகத் திருப்பித் தருவது. அந்தச் சிவப்பைக் காணமாட்டாத தகட்டில் அந்த முகம் உள்ளதைவிடப் பன்மடங்கு கறுத்துப் பதிந்தது. எல்லா நிறங்களையும் காணும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906இலேயே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டன எனினும், சிவப்பு விளக்கின் கீழே கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவக்கூடிய பழைய தகடுகளைப் புகைப்படக்காரர்கள் லேசில் கைவிடவில்லை. ஆக, தம் படத்தைப் பார்த்து "இது நானில்லை" என்று சொன்ன முதல் தலைமுறைப் பால்மரத் தொழிலாளி யாராயிருந்தாலும், அவர் அறியாமையால் பேசினார் என்று சொல்ல இயலாது. ரசாயனமும் அவர் பக்கந்தான்.

நகரங்களில் ஸ்டூடியோக்கள் தோன்றிய பின் இந்தப் பொருத்தமின்மைக்குப் பரிகாரம் தேடும் வித்தை ஒன்று வளர்ந்தது. போருக்கு முன் மலாயாவின் பல ஊர்களில் ஜப்பானியரும் சீனரும் இத்தொழிலை நடத்தினார்கள். (1941 டிசம்பரில் ஜப்பானியச் சேனை தீபகற்பத்தின் வழியே இறங்கி வந்தபோது, அந்தப் புகைப்படக்காரர்களெல்லாம் உளவாளிகள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது தனிக்கதை.) ஸ்டூடியோக்காரர் கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகடிவின்மேல் முகம் இருக்கும் இடத்தில் மெல்லிய கோடுகள் இடுவார், நெகடிவில் ஏறிய கருமை பிரதியில் வெளுப்பாகும். இதற்குத் தொழிலில் 'டச்சிங்' என்று பெயர். அம்மைத் தழும்பு மறைந்தது, கன்னக்குழி நிரம்பியது, நிறம் இரண்டு படி ஏறியது. தகடு செய்த அநியாயத்தைப் பென்சில் ஈடு செய்ததோடு நில்லாமல், ஈட்டுக்கு வட்டியும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. கல்யாணப் பேச்சுக்காக ஊருக்கு அனுப்பப்பட்ட படங்களில் இந்த வட்டி சற்று அதிகமாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்க நாம் பெரிய ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை.

உஷ்ண தேசத்தில் இந்தத் தொழில் எளிதாகவும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கழுவும் திரவம் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்று சீமைப் புஸ்தகங்கள் சொல்லும். பேராக்கில் குழாய்த் தண்ணீர் இரவிலும் அதைவிடப் பல டிகிரி சூடாகவே வரும். அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தில் படலத்திலுள்ள ஜெலட்டின் இளகிச் சுருங்கி, கண்ணாடியை விட்டுக் கழன்று போகும். பனிக்கட்டி வைத்துக் குளிர்விப்பதும், ஜெலட்டினை இறுக்கும் படிகாரச் சரக்குகளைக் கலப்பதும் இருட்டறையின் நித்திய கர்மங்களாயின. பிரதி எடுக்கும்போது ஒரே காகிதத் துண்டில் ஐந்து நொடி, பத்து நொடி, பதினைந்து நொடி என்று படிப்படியாக ஒளி காட்டி, எந்தப் படியில் முகம் முகமாகத் தெரிகிறது என்று தேர்ந்துகொள்ளும் 'டெஸ்ட் ஸ்ட்ரிப்' என்ற சோதனைத் துண்டும் அந்த அறையிலேயே பழக்கமாயிற்று. இந்தத் துண்டை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இவ்வளவும் காசுள்ளவர்களின் கதை. கிராணிமாரும் கங்காணிமாரும் படமெடுத்துக்கொண்டார்கள். லயத்தில் வாழ்ந்த சாமான்ய ஜனங்கள் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு படங்கூட இல்லாதிருந்த காலம் அது. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டு மீளாத ஆயிரக்கணக்கானோரில் பலருக்கு, இன்று பேரப்பிள்ளைகள் பெரிதாக்கி மாட்டுவதற்கு ஒரு முகம் மிச்சமில்லை. படையலுக்கு இலை போடும்போது அவர்களுடைய இடத்தில் வெறும் விளக்கு எரிகிறது.

அந்த நிலையை மாற்றியது, கலையோ செல்வமோ அன்று, அரசாங்கத்தின் அச்சம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமாயிற்று. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தம் புகைப்படமும் கைப்பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பால்மரம் வெட்டப் புறப்படும் கிழவியும், பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்கப் புதிதாக வந்த பையனும் காமிராவின் முன் ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். அநேகருக்கு அதுவே முதற்படம். சிலருக்கு அதுவே கடைசிப் படம். அதுகாறும் முகத்தோடு படம் ஒத்திருக்கிறதா என்பது ஆசையைப் பற்றிய விஷயமாயிருந்தது. சாலையில் தடுத்து நிறுத்திய சிப்பாய் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கிய நாள் முதல், அது வயிற்றையும் உயிரையும் பற்றிய விஷயமாகிவிட்டது. டச்சிங் பென்சிலுக்கு இங்கே வேலையில்லை; கறுப்பு கறுப்பாகவே இருந்தால்தான் வீடு திரும்பலாம். பின்னாளில் குடியுரிமை உள்ளவருக்கு நீல அட்டையும் அது கிட்டாதவருக்குச் சிவப்பு அட்டையும் என்று வந்தபோது, தோட்டத்து ஜனங்கள் நிறத்தைக் கொண்டே மனிதரின் கதியைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் இடையே குறித்துவைக்கலாம்.

வர்ணப்படம் மலிவாகும் முன்பே வர்ண ஆசை வந்துவிட்டது. கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி அதன்மேல் எண்ணெய்ச் சாயத்தைப் பஞ்சால் ஒற்றி நிறம் ஏற்றித் தருவார்கள். மணப்பெண்ணை நேரில் கண்டிராத தீட்டுநருக்கு வழிகாட்டி, நெகடிவ் உறையின் முதுகில் 'சேலை அரக்கு, கரை மஞ்சள்' என்பதுபோல் எழுதிய குறிப்பு ஒன்றுதான். அரக்கு என்ற சொல்லுக்குள் எத்தனை அரக்கு உண்டு என்பதைச் சேலைக் கடையில் நின்றவர்கள் அறிவார்கள். ஆயினும் இந்தப் படங்களைப் பற்றி முறையீடு எழுந்ததாகக் கேட்பது அபூர்வம். ஒப்பிட்டுப் பார்க்கத் திரை இல்லை. சேலையை மாத்திரம் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து பார்க்கலாம், அதற்கும் யாருக்கும் பொழுதில்லை.

கோடாக்கின் கோடாகுரோம் 1935இலும், காகிதத்தில் பிரதியெடுக்கக்கூடிய கோடாகலர் 1942இலும் வெளிவந்தன என்றாலும், தோட்டத்து ஆல்பங்களில் வர்ணம் நிறைந்தது 1970களுக்குப் பிற்பாடுதான். 1972இல் சி-41 என்னும் கழுவுமுறை வந்தது. அதன் திரவம் 37.8 டிகிரியில் வேலை செய்வதாகையால் பனிக்கட்டியின் அவசியம் ஒழிந்தது. 1976இல் ஜப்பானின் நோரிட்சு நிறுவனம் ஒரு கடைக்குள் அடங்கும் கழுவு யந்திரத்தை வெளியிட்டது. பிலிம் கொடுத்து முக்கால் மணி நேரத்தில் படம் வாங்கலாம் என்ற ஆச்சரியம் பிறந்தது. அந்த யந்திரத்தின் உள்ளே ஒரு தத்துவம் குடியிருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றைய திரைச் சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வர்ண நெகடிவைக் காகிதத்தில் பதிக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளை எந்த விகிதத்தில் விடுவது என்று யந்திரம் தானே நிர்ணயிக்க வேண்டும். கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ஃப் எவன்ஸ் 1946இல் காப்புரிமை கோரிய யுக்தி இது: உலகத்தில் எடுக்கப்படும் எந்தக் காட்சியையும் முழுதும் கலக்கிப் பார்த்தால் மொத்தத்தில் சாம்பல் நிறமே மிஞ்சும், ஆகவே ஒவ்வொரு நெகடிவும் கலங்கிச் சாம்பலாகும் வண்ணம் ஒளியைச் சரிப்படுத்தினால் போதும். கடைத்தெரு, கடற்கரை, பிறந்தநாள் மேசை ஆகியவற்றுக்கு இந்த அனுமானம் ஒருவாறு பலித்தது. ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் நின்று படம் எடுத்தால் என்னவாகும்? நான்கு பக்கமும் இலை, கீழே புல், நடுவில் ஒரு குடும்பம். யந்திரம் 'பச்சை மிதமிஞ்சிவிட்டது' என்று கருதிப் பச்சையைக் கழிக்கும். கழித்த கணக்கு முகத்தில் வந்து விழுந்து, குடும்பம் முழுவதும் கத்தரிப்பூச் சாயலோடு காட்சி தரும். கூறைப்புடவைச் சிவப்பு படத்தை நிறைத்தால் மணப்பெண்ணின் கன்னம் பச்சைநீலம் பாயும். வெளிச்சத்திலும் இதே கூத்து: அடையாள அட்டைப் படத்துக்காக வெள்ளைச் சுவரின் முன் நிற்கும் கறுத்த முகத்தை, சுவரைச் சாம்பலாக்கும் ஆவேசத்தில் யந்திரம் மேலும் கறுப்பாக்கும்.

ஆகவே யந்திரத்தின் அருகே ஓர் ஆள் வேண்டியிருந்தது. செம்மஞ்சள் படர்ந்த, எல்லாம் தலைகீழாகத் தெரியும் அந்தச் சிறு நெகடிவை உற்றுப் பார்த்து, இது தோட்டத்துப் படம், இது கோயில் படம், இது வெள்ளைச் சுவர் என்று கணத்தில் அறிந்து, மஞ்சள், மெஜந்தா, சயான், அடர்த்தி என்ற நான்கு விசைகளைக் கூட்டியும் குறைத்தும் அழுத்தும் அந்த ஆளைப் பெரிய கலைஞர் என்று எவரும் அழைத்ததில்லை. எந்த முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவருக்குக் கிடைத்த அளவுகோலோ வேறொரு தேசத்தது. கோடாக் அனுப்பிய மாதிரிப் படத்தில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி புன்னகை செய்தாள். 'ஷெர்லி அட்டை' என்று தொழிலில் அதற்குப் பெயர். அவளுடைய சருமம் சரியாக விழுந்தால் யந்திரம் சரியாக இருப்பதாக அர்த்தம். கறுத்த நிறங்களின் நுட்பத்தைப் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்று கோடாக் கம்பெனிக்கு உறைத்ததில், மரச்சாமான் வியாபாரிகளும் சாக்லேட் தயாரிப்பாளர்களும் செய்த முறையீட்டுக்குக் கணிசமான பங்கு உண்டென்று லோர்னா ராத் என்ற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார். தேக்கின் குறை மனிதனின் குறையை முந்திக்கொண்டு காதில் விழுந்திருக்கிறது! ஈப்போவிலோ காலையில் மலாய்க்காரரின் விருந்து, நண்பகலில் சீனரின் பிறந்தநாள், மாலையில் தமிழரின் திருமணம் என்று ஒரே வரிசையில் பிலிம் வந்து விழும். ஒரு ஷெர்லியை நம்பி இவ்வளவு நிறங்களையும் நிறுக்க முடியாது. அனுபவமுள்ளவர்கள் அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டுத் தம் கண்ணையே நம்பினார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

இதற்கிடையே ஒளிரும் படம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. சரியாகப் பதினைந்து ஆண்டு கழித்து, 1978இல் அதே தேதியில் வர்ணம் பெற்றது. காகிதத்தைப் போல் பிற ஒளியை வாங்கித் திருப்பாமல் தானே ஒளியை உமிழும் பிம்பத்தோடு கண்கள் இவ்வாறு பழகிய பிறகு, காகிதம் சற்று மங்கலாகத் தோன்றத் தொடங்கியது இயல்பே.

பிறகு கணினி. ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு நிறம் காட்டிய குழப்பத்தைத் தீர்க்க 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்ற சர்வதேச வர்ணக் குழுவை அமைத்தன. 1996இல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்ட்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது அளவையை முன்மொழிந்தன. அதே 1996இல் ஃபியூஜி நிறுவனத்தின் ஃபிரான்டியர் யந்திரம் வந்தது. அது நெகடிவைக் கணினிப் படமாக மாற்றி, சிவப்பு, பச்சை, நீல லேசர்களால் பழைய ரசாயனக் காகிதத்திலேயே எழுதிற்று. நெகடிவைப் படித்தறியும் தேர்ச்சிக்கு இனி அவசியமில்லை; திரையில் தெரிவதைத் திருத்தினால் போதும் என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள்.

நிம்மதி நீடிக்கவில்லை. இந்த அளவைகளுக்கெல்லாம் அடியில் கிடப்பது 1931இல் வகுக்கப்பட்ட 'சராசரிப் பார்வையாளர்' என்ற கற்பனை மனிதர். இங்கிலாந்தில் ரைட் என்பவர் பத்துப் பேரையும் கில்ட் என்பவர் ஏழு பேரையும் வைத்து நடத்திய சோதனையிலிருந்து, அதாவது பதினேழு ஜோடிக் கண்களிலிருந்து, அவர் உருவானார். அவர் எஸ்.ஆர்.ஜி.பி. அளவையின்படி உட்கார்ந்திருக்கும் அறையும் நிர்ணயமானது: திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 80 காண்டெலா, சுற்றிலும் 64 லக்ஸ் மாத்திரமே உள்ள மங்கிய வெளிச்சம். ஈப்போக் கடையோ ஐந்தடி நடைபாதையை நோக்கித் திறந்தது. வெளியே நண்பகல் வெயிலில் ஒளி பல பதினாயிரம் லக்ஸ். உள்ளே வரிசையாகக் குழல் விளக்குகள். அந்த வெளிச்சத்தில் படம் தெரிய வேண்டுமென்று திரையின் பிரகாசத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுவார்கள். எரியும் திரையில் படம் ஏற்கெனவே வெளுப்பாகத் தோன்றுவதால், திருத்துகிறவர் அறியாமலே அதை இருட்டாக்குவார். இருட்டாக்கிய படம் காகிதத்தில் இருட்டாகவே வரும். மேசையருகே நாம் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் இவ்வளவுதான். பழைய கண்ணாடிக் குழல் திரைகள் பல 9300 கெல்வின் என்ற நீலச் சாயலோடு தொழிற்சாலையிலிருந்து வந்ததும், அந்த நீலத்தைப் படத்தின் குற்றமென்று எண்ணியவர்கள் மஞ்சளை வாரிக் கொட்டியதும் கூடுதல் விபரீதங்கள். பின்னாளில் 'ஸ்பைடர்' என்ற அளவைக் கருவியைச் சிலந்திபோல் திரையில் ஒட்டவைத்துச் சரிசெய்யும் வழக்கம் வந்தது. கருவி திரையைத் திருத்தும். கடையின் வாசலை அது திருத்தாது.

இந்தச் சமயத்தில்தான் தோட்டங்கள் கலைந்தன. ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயத்தை விட்டு புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்தவர்கள் தகரப்பெட்டியின் அடியிலிருந்து படங்களை எடுத்துக்கொண்டு கடைக்கு வரலானார்கள். கறுப்பு வெள்ளைப் படங்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. இருப்பினும் முகம் நிலைத்திருந்தது. புதியவை என்று எண்ணப்பட்ட 1970களின் வர்ணப்படங்களோ, பெட்டியின் இருட்டுக்குள்ளேயே சயான் சாயம் அழிந்து, செங்கல் நிறம் பூண்டு கிடந்தன. நினைவுநாளுக்கு மாலை சாத்தவும், பத்திரிகையில் நினைவஞ்சலி கொடுக்கவும் அந்த முகங்கள் பெரிதாக்கப்பட வேண்டும். திரையில் வைத்துச் சிவப்பைக் கழிக்கலாம். எவ்வளவு கழிப்பது என்பதை எந்த அளவையும் சொல்லாது.

அத்தகைய காட்சி ஒன்றை நான் கண்டிருக்கிறேன். அக்காளும் தங்கையுமான இரு முதிய மாதர்கள் தாயாரின் படத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். அடையாள அட்டைக்காக எடுத்த படத்தின் பழைய பிரதி ஒன்றைப் பின்னாளில் யாரோ வர்ணம் தீட்டியிருக்க, அந்த வர்ணமும் இப்போது பாதி உதிர்ந்திருந்தது. திரையில் முகம் தெளிந்ததும் தங்கை மகிழ்ந்தாள். மூத்தவள் மாத்திரம், "எங்கம்மா இவ்ளோ செவப்பு இல்ல தம்பி" என்றாள்.

"அப்படின்னா எப்படி இருந்தாங்கம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

அவள் சொல்லத் தெரியாமல் தங்கையைப் பார்த்தாள். தன் கையை நீட்டித் திரையருகே வைத்தாள். குழல் விளக்கின் கீழே அந்தக் கை பச்சையோடியிருந்தது. கடைக்காரர் விசையை இரண்டுமுறை தட்டி, கட்டைவிரல் அகலத்தில் மூன்று சோதனைத் துண்டுகளை அடித்தெடுத்து, திரையை அப்படியே விட்டுவிட்டு, இருவரையும் ஐந்தடி நடைபாதைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பகல் வெளிச்சத்தில் மூத்தவளின் முழங்கைமேல் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டும் ஒவ்வவில்லை. மூன்றாவதைத் தங்கை கையில் வாங்கி வெயில் பக்கம் திருப்பி, "இதுதாங்கா" என்றாள். மூத்தவள் இன்னும் சற்றுக் கறுப்பு என்றாள். கடைக்காரர் நான்காவது துண்டு அடிக்க உள்ளே போனார்.